வறட்சி மாதங்களில் மானினங்களைக் காக்கும் காடு

சப்பிரகமுவ மாகாணத்தில் காட்டோரமாக மரக்கறிச் செய்கை பண்ணுவோர் தை, மாசி மாதங்களில் ஒரு காட்சியைக் காண்பதுண்டு. முதல்நாள் மாலையிற் செழித்து நின்ற போஞ்சிப் பாத்தி மறுநாட் காலையில் தண்டு மட்டுமாய் நிற்கும். வற்றாளைக் கொடிகள் அடியோடு கடிக்கப்பட்டிருக்கும். ஈர மண்ணிற் பிளவுபட்ட குளம்புகளின் அடையாளம் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காட்டை விட்டு அதிகம் வெளிவராத மரையும் கேளையாடும் இம்மாதங்களில் மட்டும் ஏன் பாத்தியைத் தேடி வருகின்றன என்பது கமக்காரர் ஒவ்வொருவரும் ஆராய வேண்டிய கேள்வியாகும்.

இதற்கு விடை மானின் துணிச்சலில் இல்லை. காட்டின் நிலையிலேயே உளது. இம்மாதங்களில் மானுக்கு வேண்டிய இரையும், நீரும், மறைவிடமும் காட்டினுள் அருகருகே இருப்பின் அது வெளிவர வேண்டிய தேவை குறைவு. இம்மூன்றில் ஒன்று அழிந்தாலும் மான் பசியால் மடியும், அல்லது பயிரைத் தேடி வந்து மடியும். காட்டை முறையாகப் பேணுவதால் மானும் பிழைக்கும், பாத்தியும் பிழைக்கும், வயலுக்குரிய நீரும் வற்றாது நிற்கும். இவ்வாறு பேணும் முறைகளை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

மானின் பஞ்ச மாதங்கள்

ஆண்டு முழுவதும் ஒரே அளவான இரை எந்தக் காட்டிலும் கிடைப்பதில்லை. இரை குன்றும் காலம் ஒவ்வொரு காட்டிற்கும் உண்டு. மானினத்தின் தொகையைத் தீர்மானிப்பது இரை மிகுந்த காலமன்று. இரை குன்றிய அச்சில மாதங்களேயாம். மழைக்காலத்தில் நூறு மான்களுக்குப் போதிய புல் நிற்கும் இடத்தில், வறட்சியில் இருபதிற்கே இரை கிடைக்குமாயின், அவ்விடம் இருபது மான்களுக்குரிய இடமேயாகும்.

சப்பிரகமுவயில் இக்காலம் இடத்திற்கு இடம் வேறுபடும். இரத்தினபுரி நகரைச் சூழ்ந்த பகுதி ஆண்டிற்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பெறுவது. அங்கும், கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளிலும் மழை குறையுங் காலம் தையும் மாசியுமாகும். கிழக்கே பலாங்கொடையைத் தாண்டிப் பெலிஹுல் ஓயாவை அடையும்போது நிலைமை மாறுகின்றது. மேற்குச் சரிவுகளில் தென்மேற் பருவமழை கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில், மலைக்கு இப்பாலுள்ள அப்பகுதியில் உலர்ந்த கச்சான் காற்றே வீசும். மேலும் தெற்கே எம்பிலிப்பிட்டிய, உடவளவைப் பக்கத்தில் ஆனி தொடங்கிப் புரட்டாதி வரை நிலம் வெடித்துக் கிடக்கும். ஆகவே ஒரே மாகாணத்தினுள் இருவேறு பஞ்ச காலங்கள் உள்ளன என்பதைக் கமக்காரர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மாகாணத்தின் மானினங்கள்

இங்குள்ளவற்றுட் பெரியது மரை. வளர்ந்த கலைமரை 200 கிலோகிராமை எட்டக்கூடியது. பகலிற் காட்டினுள் ஒதுங்கியிருந்து, மாலையிலும் இரவிலும் புல்வெளிக்கு வந்து மேயும். புல்லோடு இலை, தளிர், மரப்பட்டை, உதிர்ந்த கனி ஆகியவற்றையும் உண்ணும். நீர் அருகில் இல்லாத இடத்தில் நெடுநாள் தங்காது. 19ஆம் நூற்றாண்டில் இங்கு வேட்டையாடிய ஆங்கிலேயர் இதனைத் தம் குளிர்நாட்டு விலங்கொன்றின் பெயரால் 'எல்க்' எனத் தவறாக வழங்கினர்.

கேளையாடு சிறியது, தனித்து வாழ்வது, அடர்ந்த கீழ்ச்செடிகளை விரும்புவது. அச்சமுற்றவிடத்து நாய் குரைப்பது போன்ற ஒலி எழுப்பும். தளிர், கனி, அரும்பு ஆகியனவே இதன் இரை. சருகுமான் இன்னுஞ் சிறியது. சில கிலோகிராம் எடையே உடையது. கொம்பில்லாத இவ்விலங்கு உண்மையில் மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. மானின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. சருகுமானுக்கோ மூன்று அறைகளே உள. ஈரவலயத்தில் வாழும் சருகுமான் உலர்வலயத்துச் சருகுமானிலிருந்து வேறுபட்ட இனம் என 2005ஆம் ஆண்டில் விலங்கியலாளர் வகுத்தனர். அவ்வினம் இலங்கையையன்றி உலகின் வேறெங்கும் இல்லை.

புள்ளிமான் உலர்ந்த தாழ்நிலத்திற்குரியது. உடவளவைப் பக்கத்திற் கூட்டமாகக் காணப்படும். புல்வெளியும் மரக்கூட்டமும் சந்திக்கும் விளிம்பே அதற்கு உகந்த இடம். மந்திகள் மரத்திலிருந்து உதிர்க்கும் இலையையும் கனியையும் உண்ணப் புள்ளிமான் அம்மரத்தடியிற் கூடுவதைப் பலரும் கண்டிருப்பர்.

பனிநாடுகள் கற்பிக்கும் பாடம்

பஞ்ச காலத்தில் மானைக் காப்பது பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள் பனிநாட்டினரே. வட அமெரிக்காவின் வடபகுதியில் வெள்ளைவால் மான் என்றோர் இனம் உண்டு. அங்கு மாரிகாலத்திற் புல் முழுவதும் பனியின் கீழ் மறைந்துவிடும். ஆழ்ந்த பனியில் ஒவ்வோர் அடி எடுத்து வைப்பதற்கும் மான் தன் உடற்கொழுப்பைச் செலவிட வேண்டும். ஆதலால் அம்மான்கள் அடர்ந்த ஊசியிலை மரத் தோப்புகளிற் கூட்டமாக ஒதுங்குகின்றன. அம்மரங்களின் கூரை பனியின் ஒரு பகுதியை மேலேயே தாங்கிக்கொள்ளும், குளிர்காற்றைத் தடுக்கும். கீழே பனி ஆழமற்றிருப்பதால் மான்கள் நடந்து நடந்து பாதைகளை உண்டாக்கிக்கொள்ளும். குறைவாக உண்டு, குறைவாக நடந்து, இலையுதிர் காலத்திற் சேர்த்த கொழுப்பிலேயே அவை மாரியைக் கழிக்கின்றன.

இத்தோப்புகளை மரத்திற்காக வெட்டிய இடங்களில் மான்கள் நலிந்தன. அதைக் கண்ட வன அதிகாரிகள் ஒரு முறையை வகுத்தனர். முதிர்ந்த மரங்களைக் கூரையாக விட்டுவைத்து, அவற்றின் அருகே சிறு சிறு பகுதிகளை மட்டும் வெவ்வேறு ஆண்டுகளில் வெட்டுவர். வெட்டிய இடத்தில் இளந்தளிர் எழும். கூரையிலிருந்து சில அடி நடந்தால் இரை. இரையிலிருந்து சில அடி நடந்தால் கூரை. இதுவே அம்முறையின் சாரமாகும்.

மான்களுக்கு வைக்கோலும் தானியமும் கொட்டிக் காக்க முயன்றவர்களும் உண்டு. அதனால் விளைந்த கேடு பெரிது. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நுண்ணுயிர்களே உணவைச் செரிக்கச் செய்கின்றன. சுள்ளிக்கும் அரும்பிற்கும் பழகிய அந்நுண்ணுயிர்கள் புதிய உணவிற்குப் பழகச் சில வாரங்கள் செல்லும். திடீரெனச் சோளம் போன்ற தானியத்தை உண்ட மான், வயிற்றில் அமிலம் மிகுந்து, நிறைந்த வயிற்றோடு இறக்கின்றது. அன்றியும், ஓரிடத்திற் கூடும் மான்களிடையே நோயும் எளிதிற் பரவும். கையால் ஊட்டுவதிலும் காட்டைப் பேணுவதே மேல் என்னும் முடிவிற்கு அந்நாட்டினர் வந்ததற்குக் காரணம் இதுவேயாம்.

இலங்கையிற் பனி பெய்வதில்லை. எனினும் விதி ஒன்றே. அங்கு பனி இரையை மூடுகின்றது. இங்கு வெயில் இரையைக் காயச் செய்கின்றது. அங்கு கூரை குளிரைத் தடுக்கின்றது. இங்கு கூரை நிழலையும் ஈரத்தையும் காக்கின்றது.

ஹோட்டன் சமவெளி காட்டுவது

உறைபனி விழும் இடமும் இலங்கையில் இல்லாமலில்லை. பலாங்கொடைப் பகுதியின் வடக்கே, நன்பேரியல் தோட்டத்திற்கு மேலே, செங்குத்தான பாறையாக எழுந்து நிற்பது ஹோட்டன் சமவெளியின் விளிம்பாகும். உலக முடிவு எனப்படும் இடம் அதுவே. ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள அச்சமவெளியில் தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளிற் புல்மீது உறைபனி படியும். திறந்த புல்வெளி தன் வெப்பத்தை வானிற்கு இழந்துவிடுவதே இதற்குக் காரணம். அருகிலுள்ள காட்டினுள்ளோ இலைக்கூரை வெப்பத்தைத் தடுத்து வைப்பதால் உறைபனி படிவது அரிது.

இச்சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கமாகவும், 1988இல் தேசிய வனமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. இங்கு மரைகள் மிகுதியாக வாழ்கின்றன. 1960களில் இதன் ஒரு பகுதியில் உருளைக்கிழங்குச் செய்கை நடைபெற்றது. செய்கை கைவிடப்பட்ட பின் அந்நிலத்தை வெளிநாட்டுப் புல் மூடியது. இன்று மரைகள் அங்கு விரும்பி மேய்கின்றன. புல்வெளியும் காடும் அடுத்தடுத்து இருப்பதால், மேய்ச்சலும் மறைவிடமும் அவற்றிற்குச் சில நூறு அடிகளுக்குள் கிடைக்கின்றன.

ஆயினும் குறைகளும் உள. மஞ்சட் பூப்பூக்கும் உலெக்ஸ் என்னும் அயல்நாட்டு முட்புதர் புல்வெளியிற் பரவி மேய்ச்சலைக் குறைக்கின்றது. அதனைப் பிடுங்கி அகற்றும் வேலை பலமுறை நடைபெற்றுள்ளது. காட்டு மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போவதும் பல பத்தாண்டுகளாகக் காணப்படுகின்றது. மரைகள் அளவுக்கு மிஞ்சிக் கூடும் இடத்தில் மரக்கன்றுகளைக் கடித்தும் பட்டையை உரித்தும் காடு மீண்டெழுவதைத் தாமே தடுக்கவும் கூடும். பார்க்க வருவோர் ஊட்டும் உணவிற்குப் பழகிய மரைகள், உணவோடு பொலித்தீனையும் விழுங்குகின்றன. கையால் ஊட்டுதல் இரக்கமன்று என்பதற்கு இது இந்நாட்டிலேயே உள்ள சான்றாகும்.

இச்சமவெளி கமக்காரருக்கு மற்றொரு வகையாலும் உரியது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீர் ஊட்டும் மேட்டுநிலம் இது. பெலிஹுல் ஓயா இங்கிருந்தே இறங்குகின்றது. இதன் முகிற்காடுகள் மழையை மட்டுமன்றி, மரக்கிளைகளிற் படியும் மூடுபனியையும் துளித்துளியாக நிலத்திற் சேர்க்கின்றன. மேலே மரை ஒதுங்கும் காடும், கீழே வயலுக்கு நீர் தரும் காடும் வெவ்வேறல்ல.

வளவைத் தாழ்நிலத்தின் வறட்சி

வளவை கங்கையை மறித்துக் கட்டிய உடவளவை நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்து, ஏறத்தாழ 30,800 ஹெக்டேயர் நிலம் 1972இல் தேசிய வனமாக்கப்பட்டது. நீர்த்தேக்கத்தின் நீரேந்து பகுதியைக் காப்பதும், தேக்கத்தால் இடமிழந்த விலங்குகளுக்கு இடமளிப்பதும் அதன் நோக்கங்களாகும். முன்னர் சேனைச் செய்கை நடந்த நிலம் இதிற் பெரும்பகுதியாதலால், பெருங்காட்டிலும் புல்வெளியும் புதருமே இங்கு மிகுதி.

மழைக்காலத்திற் கினியாப் புல் ஆளுயரம் வளரும். வறட்சியில் அது காய்ந்து வைக்கோலாகும். அப்போது அதில் நார் மிகுதி, சத்துக் குறைவு. புள்ளிமான்கள் குறும்புல் நிற்கும் நீர்க்கரைகளை நாடும். நாயுண்ணிச் செடி பரவிய இடங்களில் அக்குறும்புல்லும் இல்லை. அச்செடியின் அடியிற் பயனுள்ள புல் எதுவும் தழைக்காது. ஆதலால் நாயுண்ணியை வேரோடு அகற்றுவதும், தூர்ந்துபோன நீர்க்குண்டுகளை ஆழப்படுத்துவதும் இத்தகைய உலர்நிலக் காடுகளின் பராமரிப்பில் முதன்மையானவை. வனத்தினுட் சட்டவிரோதமாக விடப்படும் மாடுகளும் எருமைகளும் அதே நீர்க்கரைப் புல்லை மேய்வதால் மானின் இரை மேலும் குறைகின்றது. ஊர்க் கால்நடைக்குரிய தீவனத்தை ஊரிலேயே வளர்த்தல் இதற்குப் பரிகாரமாகும். வரம்பிலும் வேலியோரத்திலும் தீவனப்புல் நடுவதோடு, சீமைக்கிளுவை இலையையும் மாடுகளுக்குப் பயன்படுத்தலாம்.

நிழல் மட்டும் காடாகாது

மரம் நிற்கும் இடமெல்லாம் மானுக்குக் காடு என எண்ணுதல் பிழை. நெருக்கமாக நடப்பட்ட பைனஸ் தோப்பின் தரையைக் கவனித்தால் இது விளங்கும். அங்கு உதிர்ந்த ஊசியிலைகளே மெத்தைபோற் கிடக்கும். கடிக்கத் தளிரில்லை; ஒளியப் புதரில்லை; பொறுக்கக் கனியில்லை. வறட்சியில் அச்சருகு தீயை விரைந்து பரவச் செய்யும்.

இதைத் திருத்தும் வழியும் சப்பிரகமுவ எல்லையிலேயே செய்து காட்டப்பட்டுள்ளது. இரத்தினபுரி மாவட்டத்திலும் தென் மாகாணத்திலும் பரந்துள்ள சிங்கராஜ வனத்தில் 1970களின் முற்பகுதியில் மரம் வெட்டப்பட்டது. பொதுமக்கள் எதிர்ப்பின் பின் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. அதன் விளிம்பிற் காவல் வலயமாகப் பைனஸ் நடப்பட்டிருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் அவர்களுடன் உழைத்த வெளிநாட்டு அறிஞரும் 1990களில் அத்தோப்பிற் பரிசோதனை நடத்தினர். பைனஸ் வரிசைகளிற் சிலவற்றை வெட்டி நீக்கி, அவ்விடைவெளிகளிற் சிங்கராஜ வனத்திற்குரிய மரக்கன்றுகளை நட்டனர். மூடிய நிழலில் நட்டவற்றிலும் இடைவெளியில் நட்டவை நன்றாக வளர்ந்தன. பைனஸ் மரம் செவிலித்தாய்போல் நின்று இளங்கன்றுகளைக் கடும் வெயிலிலிருந்து காத்தது.

தோட்டங்களின் விறகுத் தோப்புகளுக்கும் இம்முறை பொருந்தும். பைனஸ், யூக்கலிப்டஸ் தோப்பை ஒரே முறையில் மொட்டையடித்தலாகாது. வரிசை வரிசையாக, ஆண்டு மாற்றி ஆண்டு வெட்டி, இடைவெளியில் நாவல், பலா, அத்தி போன்ற கனிமரங்களை நடுதல் வேண்டும். விறகும் கிடைக்கும், மண்ணும் கழுவுண்டு போகாது, கேளையாடும் சருகுமானும் ஒதுங்க இடமுண்டாகும்.

தீயின் தீமை

பத்தனைப் புல்வெளிக்கும் மானாப் புல்லுக்கும் தை, மாசியில் தீ வைத்தல் நெடுநாட் பழக்கம். எரிந்த சில வாரங்களிற் பசுந்தளிர் எழுவதால் மாட்டிற்கும் மானிற்கும் நன்மை என்று சிலர் கருதுவர். தளிர் எழுவது உண்மை. ஆனால் அத்தளிர் சிறிது காலத்திற்கே. அதன் பொருட்டு இழப்பது எது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தீயானது புல்வெளியோடு நிற்பதில்லை. காட்டின் விளிம்பை ஒவ்வோர் ஆண்டும் சில அடி உள்ளே தள்ளுகின்றது. விளிம்பில் முளைத்த மரக்கன்றுகள் முதலில் மடிகின்றன. பகலில் மரை ஒதுங்கும் புதரும், கேளையாடு குட்டி ஈனும் மறைவும் அவ்விளிம்பிலேயே உள்ளன. பின்பு சித்திரை, வைகாசி மழை வெறுந்தரையில் அடிக்கும். மேல்மண் ஓடையில் இறங்கி, வாய்க்காலைத் தூர்த்து, வயலிற் படியும். காட்டு விளிம்பு பின்வாங்கிய மலையில் ஊற்று முன்னதாகவே வற்றும். தோட்டத்துப் பீலியில் நீர் நூலாக இறங்கும். ஒரு தீக்குச்சியின் விலை இவ்வளவாகும்.

ஓடைக்கரைக் காடு

இலங்கையின் ஈரவலயத்தில் எஞ்சியுள்ள இயற்கைக்காடு நிலப்பரப்பிற் பத்திலொரு பங்கிற்கும் குறைவு. கோப்பியும் பின்னர் தேயிலையும் இறப்பரும் மலைச்சரிவுகளைக் கொண்டன. 1873ஆம் ஆண்டிலேயே, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதெனத் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் அறிவுறுத்தினார். சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடு 1940இற் சரணாலயமாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையிற் சேர்ந்தது. களு கங்கைக்குப் பிறப்பிடம் அம்மலையே.

மேலே உள்ள பெருங்காடுகளை அரசு காக்கின்றது. அவற்றிற்கும் கீழுள்ள சிறு காடுகளுக்கும் இடையே பாலமாக நிற்பவை ஓடைக்கரை மரங்கள். தேயிலைக்கும் வயலுக்கும் நடுவே நெளிந்திறங்கும் ஓடையின் இரு மருங்கும் மரமும் புதரும் தொடர்ந்து நிற்குமாயின், கேளையாடு பயிர்நிலத்தை மிதியாது காட்டிலிருந்து காட்டிற்குச் செல்லும். அந்நிழலில் ஓடையின் ஈரமும் நெடுநாள் நிற்கும். பாத்திக்கு மேலும் நாலு வரிசை கிடைக்கும் என்று கரையை வெட்டுவோர், மாசி மாதத்தில் அந்நாலு வரிசைக்கும் ஊற்ற நீரின்றித் தவிப்பதுண்டு. அப்போது மலையில் எஞ்சிய ஒரே பசுமை அப்பாத்தியாதலால், மான் வந்து சேரும் இடமும் அதுவேயாகின்றது.

பயிர்நிலத்தின் நடுவே மான் வாழ இயலுமா என ஐயுறுவோருக்குத் தென் மாகாணத்தின் எல்பிட்டியப் பகுதி விடையளிக்கும். அங்கு பன்றிமான் என்னும் அருகிய இனம், கறுவாத் தோட்டங்கள், வீட்டுத் தோட்டங்கள், வயலோரங்கள் ஆகியவற்றிலேயே வாழ்ந்து வருகின்றது. பகலிற் கறுவாப் பற்றையில் ஒதுங்கி, இரவில் வெளிவரும். அதற்குப் பெரும் பகை ஊர் நாய்களே. மறைவிடத்தை விட்டுவைத்த கமக்காரராலேயே அவ்வினம் அங்கு எஞ்சி நிற்கின்றது.

கண்ணி வைத்தலின் விளைவு

பயிரிழந்தவரின் மனவருத்தம் நியாயமானதே. கடன்பட்டு விதை வாங்கியவர் ஒரே இரவில் விளைவை இழப்பது சிறிய காரியமன்று. ஆயினும் கம்பிக் கண்ணி அதற்குப் பரிகாரமாகாது. கண்ணி எந்த விலங்கெனப் பார்ப்பதில்லை. 2020 மே மாதத்தில், சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணித் தோட்டப் பகுதியில் வைக்கப்பட்டிருந்த கண்ணியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தும் அது சில நாட்களில் இறந்தது. சிறுத்தைக்கு இரை மரை, கேளையாடு, காட்டுப்பன்றி ஆகியவை. சிறுத்தை அழிந்தால் அவற்றின் தொகையைக் கட்டுப்படுத்துவது எதுவுமில்லை. மானினம் அழிந்தாலோ, சிறுத்தை லயங்களை அண்டி நாயையும் கன்றையும் தேடும்.

1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் மானினங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. அவற்றை வேட்டையாடுதல் தண்டனைக்குரிய குற்றமாகும். வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தை நேரே இணைத்தலும் சட்டவிரோதம். அது மானைக் கொல்லுமுன் அயலவரின் பிள்ளையைக் கொல்லக்கூடும்.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. ஓடையின் இரு மருங்கிலும், இயன்றால் 30 அடி அகலத்திற்கு, மரஞ்செடிகளை வெட்டாது விடுதல் வேண்டும். வெட்டுண்ட இடத்தில் அத்தி, நாவல், கித்துள் போன்றவற்றைப் பெரும்போக மழையோடு நடுதல் நன்று.

2. பத்தனைக்கும் மானாப் புல்லுக்கும் தீ வைத்தலாகாது. புல்லை அறுத்துக் கால்நடைக்கும் பசளைக் குழிக்கும் பயன்படுத்துக. பயிர்நிலத்திற்கும் புல்வெளிக்கும் இடையே, மார்கழி முடியுமுன், சருககற்றிய தீத்தடை ஒழுங்கையொன்றை அயலவர் கூடி அமைத்தல் நன்று.

3. நாயுண்ணிச் செடியைப் பூக்குமுன் வேரோடு பிடுங்குக. பிடுங்கிய வெற்றிடத்தை மூடாது விட்டால் அது மீண்டும் முளைக்கும். ஆதலால் உடனே வேறு பயனுள்ள செடிகளை நடுக.

4. மான் விரும்பும் போஞ்சி, கௌபி, வற்றாளை ஆகியவற்றைக் காட்டோரத்திலிருந்து தள்ளியும், அவ்வளவாக விரும்பாத இஞ்சி, மஞ்சள், மிளகாய் ஆகியவற்றைக் காட்டோரமாகவும் நடுக.

5. வேலி குறைந்தது 7 அடி உயரமாயிருத்தல் வேண்டும். தாழ்ந்த வேலியை மரை எளிதிற் பாயும். சீமைக்கிளுவைக் கதிகால்களை நெருக்கமாக நட்டு, குறுக்கே மூங்கில் கட்டினாற் செலவு குறையும். தனித்தனி வேலியிலும் பலர் பாத்திகளைச் சூழ்ந்த ஒரே வேலி சிக்கனமானது.

6. இரவில் நாய்களைக் கட்டி வைத்தல் வேண்டும். காட்டிற் கூட்டமாகத் திரியும் நாய்கள் சினைப்பட்ட மானையும் குட்டியையும் துரத்திக் கொல்லும்.

7. கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகளை மூடுவித்தல் வேண்டும். அவை மானிற்கு மட்டுமன்றி மாட்டிற்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்தானவை.

8. மருந்து தெளிக்கும் கருவிகளை ஓடையிற் கழுவலாகாது. வறட்சியிற் குறைந்து ஓடும் நீரில் நஞ்சின் செறிவு மிகும். கீழே அந்நீரை மான் மட்டுமன்றி மனிதரும் குடிக்கின்றனர்.

9. மானுக்கு உணவு வைத்தலும், கழிவு மரக்கறியைப் பொலித்தீன் பையோடு காட்டோரத்தில் எறிதலும் கூடா. கழிவைப் பசளைக் குழியில் இடுக.

10. பயிரழிவு மிகுந்தால், கண்ணியை நாடாது, பகுதி விவசாயப் போதனாசிரியருக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள உத்தியோகத்தருக்கும் அறிவிக்க வேண்டும்.

இவற்றுட் பெரும்பாலானவை பணச் செலவற்றவை. சில, செய்யாது விடுதலே போதுமானவை. கரையை வெட்டாது விட்டாற் கரை தானே தழைக்கும். தீ வைக்காது விட்டாற் காட்டின் விளிம்பு தானே முன்னேறும். முதல் ஆண்டிற் பெரிய மாற்றம் தெரியாது. நாலைந்து ஆண்டுகளில் ஊற்று ஓரிரு வாரம் பிந்தி வற்றுவதைக் கமக்காரர் தாமே காண்பர். அவ்விரு வாரம் மாசி மாதத்துப் பாத்திக்கு உயிர். மலையிலுள்ள மரைக்கும் அதுவே உயிர்.